காமன் நவுனா, பிராப்பர் நவுனா? ‘ஒரு’ சேர்த்துப் பாருங்கள்

பள்ளியில் படித்தபோது ஓர் ஆங்கிலத் தேர்வில் ‘வுட்பெக்கர்’ (மரங்கொத்தி) என்ற சொல்லைப் பிராப்பர் நவுன் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். அப்படி எழுதக் காரணம் இருந்தது. பறவை பொதுப்பெயர், மரங்கொத்தி சிறப்புப்பெயர் என்று தமிழ் வகுப்பில் படித்திருந்தேன். பிராப்பர் நவுனையும் தமிழில் சிறப்புப்பெயர் என்றுதானே சொல்கிறார்கள்?

சிக்கலே அந்தச் சொல்லில்தான். தமிழ் இலக்கணத்தில் ஓர் இனத்துக்குள் ஒரு வகையைக் குறித்தாலே அது சிறப்புப்பெயர் ஆகிவிடும். மரம் பொது, மாமரம் சிறப்பு. ஆங்கிலத்துக்கு அது போதாது. உலகத்தில் எத்தனையோ மாமரங்கள் இருக்கின்றன, ஆகவே மாமரமும் அங்கே காமன் நவுன்தான், அதாவது பொதுப்பெயர்தான். குறிப்பிட்ட ஒன்றுக்கோ ஒருவருக்கோ சூட்டிய பெயர் மட்டுமே பிராப்பர் நவுன். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பெயர்ச்சொல்தானா என்று பாருங்கள்

ஆள், இடம், பொருள், விலங்கு, எண்ணம் ஆகியவற்றில் ஒன்றைக் குறிக்கிறதா? ஆம் என்றால் மேலே போகலாம்.

படி 2: முன்னால் ‘ஒரு’, பின்னால் ‘கள்’

சொல்லைத் தமிழில் நினைத்து, முன்னால் ‘ஒரு’ சேர்த்துப் பாருங்கள். ‘ஒரு நதி’ இயல்பாக வருகிறது. ‘ஒரு நைல்’ இடிக்கிறது. ‘நதிகள்’ சரி, ‘நைல்கள்’ கேட்கவே விநோதமாக இருக்கிறது. ஆகவே ‘ரிவர்’ காமன் நவுன், ‘நைல்’ பிராப்பர் நவுன். என் பழைய மரங்கொத்தியையும் சோதித்துப் பாருங்கள்: ஒரு மரங்கொத்தி, மரங்கொத்திகள். தடங்கலே இல்லை. தேர்வு நாளில் இது தெரியாமல் போய்விட்டது!

படி 3: சோதனை சறுக்கினால்

சில இடங்களில் சறுக்கும். ‘ஒரு தண்ணீர்’, ‘ஒரு நேர்மை’ என்றெல்லாம் சொல்ல மாட்டோம், ஆனாலும் அவை காமன் நவுன்கள். எதிர்ப்பக்கத்தில், ‘ஒரு திங்கட்கிழமை’ என்று தாராளமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்திலோ ‘மண்டே’ பிராப்பர் நவுன். தண்ணீர் போன்ற சொற்களுக்கு இன்னொரு கேள்வி உதவும்: இது தனி ஒன்றுக்குச் சூட்டிய பெயரா? தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. கிழமைகள், மாதங்கள், மொழிகள் மூன்றையும் பிராப்பர் நவுன் என்று மனப்பாடமே செய்துவிடுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

‘உலகத்தில் மேரி என்ற பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே?’ என்று கேட்கலாம். இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சூட்டிய பெயர்தானே அது. ‘த்ரீ மேரிஸ்’ என்று பன்மையில் எழுதினாலும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து பெரிதாகவே நிற்கும்.

படி 4: முதல் எழுத்து

நாம் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. பிராப்பர் நவுன் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் அதன் முதல் எழுத்து கேப்பிடல். காமன் நவுனுக்கு வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால்தான் அந்த மரியாதை. சில சொற்களில் பொருளே மாறிவிடும். ‘மார்ச்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் மாதம், சிறிய எழுத்தில் தொடங்கினால் அணிவகுத்து நடப்பது. ‘சைனா’ பெரிய எழுத்தில் நாடு, சிறிய எழுத்தில் பீங்கான்.

காமன் நவுன் ஒரு பெயருக்குள் உறுப்பாகச் சேர்ந்துவிட்டால் அதற்கும் கேப்பிடல் வரும். ‘பசிபிக் ஓஷன்’ என்னும்போது ஓஷனுக்கும் பெரிய எழுத்து. வெறுமனே ‘இந்த ஓஷன்’ என்றால் சிறிய எழுத்து.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்: ‘மை டாக்டர் மெட் டாக்டர் ஜோன்ஸ் இன் பாரிஸ் லாஸ்ட் சம்மர்.’ ‘மை’ பெயர்ச்சொல்லே இல்லை. வாக்கியத்தின் முதல் சொல் என்பதால் மட்டும் அதற்கு கேப்பிடல். முதல் ‘டாக்டர்’ தொழிலைச் சொல்கிறது, ஆகவே சிறிய எழுத்து. இரண்டாவது ‘டாக்டர்’ ஜோன்ஸ் என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆகவே பெரிய எழுத்து. பாரிஸ் நகரத்தின் பெயர், சந்தேகமே வேண்டாம். கடைசியில் வரும் ‘சம்மர்’தான் பலரைக் கவிழ்க்கும்: மாதங்களுக்கு உண்டு, பருவங்களுக்குக் கிடையாது. ‘லாஸ்ட் சம்மர்’ என்பதை ‘லாஸ்ட் ஜூலை’ என்று மாற்றினால் உடனே ஜூலைக்கு கேப்பிடல் வந்துவிடும்.

படி 5: ‘தி’ வேண்டுமா?

ஆள், நகரம், பெரும்பாலான நாடுகளின் பெயருக்கு முன்னால் ‘தி’ வராது. ஆறு, கடல், பாலைவனம், மலைத்தொடர் ஆகியவற்றுக்கு வரும்: தி நைல், தி பசிபிக், தி சஹாரா, தி ஆல்ப்ஸ். தனிச் சிகரத்துக்கும் ஏரிக்கும் பொதுவாக வராது: மவுன்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா. நாடுகளிலும் தி நெதர்லாந்ஸ், தி பிலிப்பைன்ஸ் என்று சில விலக்குகள் உண்டு. முழுப் பட்டியலையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். படிக்கும்போது கண்ணில் படுவதைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

அப்புறம், கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி. விஞ்ஞானி நியூட்டனின் பெயர் பிராப்பர் நவுன். விசையை அளக்கும் அலகான ‘நியூட்டன்’? ‘ஒரு நியூட்டன்’, ‘பத்து நியூட்டன்கள்’ என்று சொல்ல முடிகிறது அல்லவா? அதனால் ஆங்கிலத்தில் அந்த அலகைச் சிறிய எழுத்தில்தான் தொடங்குவார்கள். அதன் குறியீட்டை மட்டும், அவர் பெயரில் அமைந்தது என்பதால், கேப்பிடலில் எழுதுவார்கள்.