உப்பை அச்சாக்கி மக்னீசியம் எலும்புச் சாரம் செய்யலாம்

கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம். எலும்பின் இடைவெளியில் வைக்கும் மக்னீசியம் சாரத்தை யாரும் பிரிக்க வேண்டாம், எலும்பு வளர வளர உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கரையும் குணம் செய்கிறபோதே நம்மைப் பாடாய்ப் படுத்தும் என்பதால், கடைசிக் கட்டத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

இது ஆய்வக வேலை, வீட்டில் முயல வேண்டாம். மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் தீயை வளர்க்கத்தான் செய்யும், உலோகத் தீக்கான டி வகைப் பொடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எலும்பு உள்ளே வளர, சாரம் முழுக்கத் துளைகள் வேண்டும். உப்புப் பருக்கைகளுக்கு நடுவே மக்னீசியத்தை உருக்கி இறக்கி, பிறகு உப்பை மட்டும் கரைத்து எடுப்பதுதான் வழி. முதலில் உப்பு. சாதாரண சோடியம் குளோரைடுதான். சல்லடையில் சலித்து 300 முதல் 500 மைக்ரான் வரையுள்ள பருக்கைகளை மட்டும் எடுங்கள், நாளைக்கு இவை இருந்த இடம்தான் துளை. அடுப்பில் நன்றாக உலர்த்துங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் படபடவென்று வெடிக்கும். அப்புறம் அழுத்தி வில்லையாக்கி, உருகுநிலையான 801 டிகிரிக்குக் கீழே, 700-ஐ ஒட்டி, சில மணி நேரம் உலையில் வையுங்கள். பருக்கைகள் தொடும் இடங்களில் சின்னக் கழுத்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கழுத்துதான் பின்னால் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாசல், அது குறுகிப்போனால் செல்களும் ரத்தக் குழாயும் உள்ளே நுழையாது, எத்தனை துளை இருந்தும் பயனில்லை.

அடுத்து வார்ப்பு. மக்னீசியம் 650 டிகிரியில் உருகும், உப்போ 801 வரை தாங்கும், இந்த 150 டிகிரி இடைவெளியை நம்பித்தான் மொத்த வித்தையும். கிராஃபைட் மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) உப்பு வில்லையை வைத்து, மேலே 99.9 சதவீதத் தூய மக்னீசியத்தைப் போட்டு, எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவில் 700 டிகிரி வரை சூடாக்குங்கள். சிலிக்கா மூசை வேண்டாம், மக்னீசியம் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். உருகியது தானாக உப்புக்குள் இறங்காது, ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டித் தள்ள வேண்டும். ஆறியதும் அளவுக்கு வெட்டலாம், ஆனால் தண்ணீர் விட்டுக் குளிர்விக்காமல்.

இப்போதுதான் அந்தக் கடைசிக் கட்டம். உப்பைக் கரைக்க வேண்டும், மக்னீசியம் அப்படியே நிற்க வேண்டும். உப்புதானே என்று நான் முதல் துண்டை ராத்திரி முழுக்க வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டுவிட்டுப் போனேன். காலையில் குமிழிகளும் வெள்ளைச் சேறும், தொட்டால் உதிரும் ஓரங்களும்தான் மிச்சம். உப்பு கரையக் கரைய குளோரைடு கூடி அரிப்பை முடுக்கிவிடுகிறது. அதனால் பி.எச். 13 அளவிலான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு (கையுறை, கண்ணாடி கட்டாயம்) அடிக்கடி மாற்றுங்கள். காரத்தில் மேற்பரப்பில் ஒரு ஹைட்ராக்சைடு படலம் நின்று காக்கும். பிறகு எத்தனாலில் அலசி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள்.

மொத்தத்தில் எத்தனை சதவீதம் துளை என்று பார்க்கத் தராசு போதும். 10 மி.மீ. விட்டம், 10 மி.மீ. உயர உருளை திடமாக இருந்தால் 1.37 கிராம் வரும். உங்களுடையது 0.55 காட்டினால் 60 சதவீதம் காலி என்று அர்த்தம். அதைவிடக் கனமாக இருந்தால் உள்ளே உப்பு மிச்சமிருக்கலாம், மறுபடி கரைசலுக்கு.

எவ்வளவு வேகமாகக் கரைகிறது? உடல் திரவம் போன்ற கரைசலில் 37 டிகிரியில் மூழ்க வைத்து, மேலே தலைகீழாக ஒரு பியூரெட் (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்). 1 மில்லிகிராம் மக்னீசியம் நீரோடு வினைபுரிந்து கரைந்தால் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வாயு அதில் சேரும். 1907-இல் லாம்போட் என்ற அறுவை மருத்துவர் காலில் வைத்த மக்னீசியத் தகடு, எஃகு ஆணிகளோடு சேர்ந்ததால் 8 நாளில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. பியூரெட்டில் முதல் நாளே வாயு மளமளவென்று ஏறினால், இரும்பு எங்காவது கலந்ததா என்று மூசையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.