கடல் வழியே ஐலா: விஸ்கித் திருவிழாவுக்குப் பாய்மரப் படகில் போவது எப்படி?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது ஐலாத் தீவு. அதன் தெற்குக் கரையைப் படகில் நெருங்கினால், ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் எழுத்துகள் கண்ணில் படும். வெள்ளையடித்த நீளச் சுவர்களில், கறுப்பு நிறத்தில், ஆள் உயரத்துக்கு மேல் எழுதிய மூன்று பெயர்கள்: லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக். மூன்றும் விஸ்கி வடிசாலைகள். முதலிலும் கடைசியிலும் சொன்னவை 1815இல் தொடங்கியவை, நடுவில் இருப்பது 1816.

பெயரை ஏன் கடலைப் பார்த்து எழுதினார்கள்? அந்தக் காலத்தில் பார்லி படகில் வந்தது, நிலக்கரி படகில் வந்தது, நிறைத்த பீப்பாய்களும் படகிலேயே போயின. வடிசாலையின் தலைவாசல் கடல்தான். சாலையில் வரும் நாம் கொல்லைப்புறமாக நுழைகிறோம். அதனால்தான் இந்தத் தீவைப் பார்க்க விரும்புகிறவர்களிடம், ஒரு முறையாவது படகில் போங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். படகு ஓட்டவே தெரியாதவர்களும் போகலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் திருவிழாவைப் பற்றி

ஃபேஷ் ஈலா என்பது கேலிக் மொழிப் பெயர். ஐலாவின் விழா என்று பொருள். 1980களில் இசைக்கும் கேலிக் பண்பாட்டுக்குமான விழாவாகத் தொடங்கியது. பிறகு வடிசாலைகளும் சேர்ந்துகொண்டன. மே மாதக் கடைசி வாரத்தை ஒட்டிப் பத்து நாள் அளவுக்கு நடக்கும். ஒவ்வொரு வடிசாலைக்கும் ஒரு 'திறந்த நாள்' உண்டு. அன்று முற்றத்தில் பாட்டு, சாப்பாடு, கிடங்குக்குள் பீப்பாயிலிருந்து நேரடியாக ஊற்றித் தரும் சுவைப்பு அமர்வு, அந்த ஆண்டுக்கென்றே அடைத்த புட்டிகள் எல்லாம் இருக்கும்.

தீவில் வாழ்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். விழாவுக்கு வரும் கூட்டத்தில் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், ஃபெர்ரியில் கார் ஏற்றவும் இடம் கிடைக்காது. படகில் போனால் பயணமும் படுக்கையும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

படி 1: படகும் அதை ஓட்ட ஆளும்

ஸ்கிப்பர் இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுக்க, ராயல் யாட்டிங் அசோசியேஷனின் டே ஸ்கிப்பர் போன்ற சான்றும் அனுபவமும் கேட்பார்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஸ்கிப்பரோடு சேர்ந்த படகை எடுங்கள், அல்லது பலர் சேர்ந்து போகும் படகில் ஒரு படுக்கையை மட்டும் பதிவு செய்யுங்கள். நம் கடற்கரையில் தண்டல் என்கிறோமே, அவர்தான் ஸ்கிப்பர். இந்தக் கடலை அறிந்த ஸ்கிப்பருக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். படகு கொஞ்சம் பழையதாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

புறப்பட ஏற்ற ஊர் ஓபன். கிளாஸ்கோவிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணம். நேரம் இருந்தால் அதற்கு முன் 'காம்பிட்டென்ட் க்ரூ' என்ற ஐந்து நாள் பயிற்சியை முடித்துவிடுங்கள். கயிறு, பாய், சுக்கான் எல்லாம் கைக்குப் பழகிவிடும். முன் அனுபவம் எதுவும் தேவையில்லை.

படி 2: டிக்கெட்டுக்கு முன் நிலாவைப் பாருங்கள்

நான் தவறு செய்து கற்றுக்கொண்ட இடம் இது. முதல் பயணத்தில் கல் ஈலா வடிசாலைக்குக் காலை நேர டிக்கெட்டை ஆசையோடு வாங்கி வைத்துவிட்டு, நீரோட்ட நேரத்தைக் கடைசியில் பார்த்தேன். ஐலாவுக்கும் ஜூராத் தீவுக்கும் நடுவே இருக்கும் ஐலா நீரிணையில் ஓட்டம் மணிக்கு 5 நாட்டிகல் மைல் வரை போகும். எங்கள் படகின் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எஞ்சின் முழு வேகத்தில் முழங்கியது. கரையில் பார்த்த பாறை அரை மணி நேரம் கழித்தும் பக்கத்திலேயே நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அமர்வு முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 'கல் ஈலா' என்றாலே ஐலா நீரிணை என்றுதான் பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, எனக்குத்தான் அது புரியவில்லை.

விஷயம் இதுதான். ஓட்டத்தின் திசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். அந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாள்களில் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமியை அடுத்து தளர்ந்திருக்கும். வீட்டில் தொங்கும் தினசரி நாள்காட்டியை எடுத்து, மே கடைசியில் அஷ்டமி எப்போது வருகிறது என்று பாருங்கள். நீரிணையைக் கடக்கும் நாளை அதை ஒட்டி வையுங்கள். துல்லியமான நேரத்தை ஓத அட்டவணையிலிருந்து (ஓதம் என்றால் கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஸ்கிப்பர் எடுத்துத் தருவார்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஓபனில் நீர்மட்டம் பெரிய ஓதத்தில் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஐலாவின் தெற்கில் உள்ள போர்ட் எல்லனில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. கரையில் நின்று பார்த்தால் கடல் அசையாததுபோல் இருக்கும். ஆனால் வெளியே நீர் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கும். கரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஜூராவின் வடமுனையில் இருக்கும் கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழல் உலகின் மிகப் பெரிய சுழல்களில் ஒன்று. அங்கே ஓட்டம் மணிக்கு 8 நாட்டிகல் மைலைத் தாண்டும். மேற்கிலிருந்து அலை எதிர்த்து வந்தால் தண்ணீர் சுவர்போல எழும். தூரத்திலிருந்து அதன் இரைச்சலைக் கேட்டாலே போதும். உள்ளே போக ஆசைப்பட வேண்டாம்.

படி 3: எந்த வடிசாலைக்குப் படகு, எதற்குப் பேருந்து

எல்லாவற்றுக்கும் படகிலேயே போக முடியாது, போக நினைக்கவும் வேண்டாம்.

தெற்குக் கரை மூன்றுக்கும் போர்ட் எல்லன்தான் தாவளம். அங்கே மிதவை மேடையில் படகைக் கட்டலாம். ஊரிலிருந்து நடைபாதை ஒன்று லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று வரிசையாக மூன்றையும் தொட்டுப் போகிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆட்டு மந்தை. இந்தத் தீவில் எனக்கு மிகவும் பிடித்த நடை இது. 1983இல் மூடிய போர்ட் எல்லன் வடிசாலையும் 2024இல் மறுபடி திறந்துவிட்டது.

லகவூலின் குடாவுக்குள் படகிலேயே நுழையலாம். வாயில் குறுகல், இருபுறமும் பாறை, ஆழமும் குறைவு. அதனால் நல்ல வானிலையில், பகலில், அனுபவமுள்ள ஸ்கிப்பரோடு மட்டும் நுழையுங்கள். குடாவின் வாயிலில் டன்னிவேக் கோட்டை இடிந்து நிற்கிறது. அதைத் தாண்டித் திரும்பியதும் வெள்ளைச் சுவர் எதிரே வரும். பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகை வாசம் சில நாள்களில் தண்ணீர் வரைக்கும் வரும். முற்றத்தில் பாடுவதும் கேட்கும். நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

போமோரும் (1779) ப்ருக்லாடியும் (1881) லாக் இன்டால் என்ற அகலமான குடாவின் கரைகளில் இருக்கின்றன. அந்தக் குடா ஆழம் குறைந்தது, தென்மேற்குக் காற்றுக்குத் திறந்தும் கிடக்கிறது. படகைப் போர்ட் எல்லனிலேயே விட்டுவிட்டுப் பேருந்திலோ வாடகைக் காரிலோ போய்வாருங்கள். 2005இல் தொடங்கிய கில்ஹோமன் மேற்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இருக்கிறது. அதற்கும் சாலைதான்.

கல் ஈலா, ஆர்ட்னஹோ, புன்னஹாவன் மூன்றும் நீரிணை ஓரம். புன்னஹாவன் குடாவில் மேற்குக் காற்று அடிக்கும்போது நங்கூரமிட்டு இறங்கலாம். கிழக்கோ வடக்கோ அடித்தால் நிற்காமல் கடந்துவிடுங்கள்.

படி 4: டிக்கெட்

சுவைப்பு அமர்வுகளின் டிக்கெட்டை ஒவ்வொரு வடிசாலையும் தன் இணையதளத்தில் பல வாரங்களுக்கு முன்பே வெளியிடும். பெயர்பெற்ற அமர்வுகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒரு வாரத்தில் மூன்று வடிசாலைகளுக்கு மேல் திட்டமிடாதீர்கள். காற்று ஒரு நாளையாவது பறித்துக்கொள்ளும். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று கெட்ட வானிலையில் படகைக் கிளப்பச் சொல்லி ஸ்கிப்பரை நெருக்கவே கூடாது.

படி 5: ஒரு வாரப் பாதை

சனிக்கிழமை ஓபனில் ஏறுங்கள். ஞாயிறு தெற்கே இறங்கி கிரைனான் பக்கம் இரவு. திங்கள், ஜூராவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஜூரா நீரிணை வழியாக, ஜூராவின் கிரெய்க்ஹவுஸ். அங்கே வருகிற படகுகளுக்கு மிதவைகள் உண்டு. ஜூரா வடிசாலை எதிரிலேயே இருக்கிறது, ஊரே ஒரு தெருதான். செவ்வாய் மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் போர்ட் எல்லன். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். வியாழன் ஐலா நீரிணையில் ஓட்டத்தோடு வடக்கே. ஜூராவின் மார்பு மலைகள் வலப்பக்கம் கூடவே வரும். உயரமானது 785 மீட்டர். மாலைக்குள் கொலன்சே தீவு. வெள்ளி நீண்ட ஓட்டம், மறுபடி ஓபன்.

மே கடைசியில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் அவசரம் வேண்டாம். ஆனால் கடல்நீர் 10 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். கம்பளி உடை இரண்டு அடுக்கு, மேலே நீர் புகாத உடை, ரப்பர் காலணி, எப்போதும் லைஃப் ஜாக்கெட். வானிலைக்கு, 'மல் ஆஃப் கின்டயர் முதல் ஆர்ட்னமர்கன் முனை வரை' என்ற கரையோர அறிக்கையைத் தினமும் கேளுங்கள்.

படி 6: குடிப்பதற்கு ஒரு ஒழுங்கு

இதைக் கண்டிப்போடு சொல்கிறேன். படகு ஓடும்போது யாரும் குடிப்பதில்லை, ஸ்கிப்பர் மட்டுமல்ல, யாருமே. கட்டிய பிறகுதான் முதல் மடக்கு.

அமர்வில் ஐந்தாறு மாதிரிகள் வரும். பீப்பாயிலிருந்து நேராக வருவதில் ஆல்கஹால் பெரும்பாலும் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் 40 முதல் 50 வரை. அத்தனையையும் குடித்து முடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முகருங்கள், ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள், இரண்டு துளி தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். 'டிரைவர்ஸ் டிராம்' வேண்டும் என்று கேட்டால் மீதியைச் சின்னப் புட்டிகளில் அடைத்துத் தருவார்கள். மென்மையானதில் தொடங்கிப் புகை மிகுந்ததில் முடியுங்கள். புன்னஹாவன் பெரும்பாலும் புகையில்லாதது. போமோர் நடுத்தரம். ஆர்ட்பெக்கைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குப் பின் வேறெதுவும் நாக்குக்குப் பிடிபடாது.

எனக்கு மிகவும் பயமான நேரம் ஒன்று உண்டு. இரவில் கரையிலிருந்து நங்கூரமிட்ட படகுக்குச் சிறு படகில் திரும்பும் அந்தப் பத்து நிமிடம். குளிர்நீர், இருட்டு, வயிற்றில் விஸ்கி. அன்று குடிக்காத ஒருவர் அதை ஓட்ட வேண்டும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும், கையில் டார்ச்சும் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அன்றிரவு மிதவை மேடையில் கட்டுங்கள், நடந்தே ஏறிவிடலாம்.

படி 7: புட்டிகள் வீடு வர

இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் கொண்டுவரலாம். ஒரு புட்டி 700 மில்லி என்பதால் மூன்று வாங்கினால் வரம்பு தாண்டிவிடும். இரண்டோடு நிறுத்துங்கள். விழாப் புட்டி ஒன்று, நீங்கள் நடந்துபோய்ச் சேர்ந்த வடிசாலையின் சாதாரணப் புட்டி ஒன்று. படகில் இருக்கும்போது இரண்டையும் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, படுக்கைக்கு அடியில், நடுப்பகுதியில் கிடத்தி வையுங்கள். ஆட்டம் குறைவான இடம் அதுதான்.