பத்திரமா வச்சே துணிய கெடுக்குறோம்: பீரோ ஒழிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீரோ ஒழிக்கலாம்னு முடிவு பண்ணதும் நம்மாளுங்க மொத வேலையா ஆன்லைன்ல டப்பா, ஆர்கனைசர், டஜன் கணக்குல ஹேங்கர்னு ஆர்டர் போட்டுடுறாங்க. தலைகீழ் வேலை இது. என்ன இருக்கு எவ்ளோ இருக்குன்னே தெரியாம டப்பா வாங்குனா வேண்டாத துணிக்கு இன்னொரு வீடு கட்டி குடுத்த மாதிரிதான். மொதல்ல கொறைங்க, மிச்சத்த பாத்துட்டு டப்பா வேணுமான்னு யோசிக்கலாம், நெறைய வீட்ல அது வேண்டியே இருக்காது.

ஞாயித்துக்கிழமை மதியம் மொத்த பீரோவையும் கட்டில்ல கொட்டுறதும் வேண்டாம், சாயங்காலம் விருந்தாளி வந்தா எல்லாத்தையும் அள்ளி பழையபடி உள்ள திணிப்போம், முன்னவிட மோசமா. ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

உண்மையில நம்ம வீட்ல துணி வீணா போறது போட்டு போட்டு இல்ல, பத்திரமா வச்சு வச்சுதான். பட்டுப்புடவையவே எடுத்துக்கோங்க. நம்ம பக்கம் பட்டுப்பூச்சி வளக்குறவங்க நெறைய பேர், தர்மபுரியில பட்டுக்கூடு மார்க்கெட்டே இருக்கு, பட்டுன்னா புழு விடுற நூல்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. அந்த நூல் புரோட்டீன், அந்துப்பூச்சியோட புழுவுக்கு அதுதான் சாப்பாடு, அதுலயும் வேர்வையும் பாயசம் சிந்துன கறையும் இருக்குற எடம்னா ரொம்ப பிடிக்கும். கல்யாணத்துக்கு கட்டிட்டு போய்ட்டு வந்து "ஒரு தடவதான கட்டுனோம்"னு அப்படியே மடிச்சு உள்ள வைக்கிறோம் பாருங்க, அங்கதான் ஆரம்பிக்குது. கழட்டுனதும் நிழல்ல, ஃபேன் காத்துல நல்லா ஆறவிட்டு, கறை இருந்தா எடுத்துட்டு அப்புறம்தான் உள்ள போகணும்.

கடையில குடுத்த பிளாஸ்டிக் கவர்லயே வைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. உள்ள ஈரம் மாட்டுனா வெளிய போக வழியில்ல, ஜரிகை கறுத்துடும், ஐப்பசி மழையில பூஞ்சை கூட பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டிய கிழிச்சு அதுல சுத்தி வைங்க, அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. 3 மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து மடிப்ப மாத்துங்க, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கெடந்தா அந்த கோட்லயே நூல் விட்டுடும். பாட்டி புடவைய ஆசையா பிரிச்சா மடிப்பு மடிப்பா கையோட வர்றது இதனாலதான்.

தட்டுல நியூஸ்பேப்பர் விரிக்கிறதையும் விட்டுடுங்க. மை ஒட்டும், அதுபோக ராமபாண பூச்சிக்கு பேப்பரும் கஞ்சி போட்ட காட்டனும் நல்ல தீனி. ரொம்ப நாள் எடுக்காத காட்டன் புடவைன்னா கஞ்சி இல்லாம துவைச்சு வைக்கிறது நல்லது.

அந்துருண்டை பத்தி கொஞ்சம் சீரியஸா சொல்லணும். அத ஜரிகை மேல நேரா போடாதீங்க, துணியில முடிஞ்சு ஓரமா வைங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா கைக்குழந்தை வர்ற வீடுன்னா அது வேணவே வேணாம். பிரசவத்துக்கு பொண்ணு அம்மா வீட்டுக்கு வரும், கொழந்தைய சுத்துறதுக்கும் தூளி கட்டுறதுக்கும் பீரோ அடியில இருந்து பழைய காட்டன் புடவைய உருவுவோம், அதுல உருண்டை வாசனை அடிக்கும், நாம "பூச்சி இல்லாம இருக்கு"ன்னு சந்தோஷப்படுவோம். அந்த வாசனையே உருண்டையில இருக்குற நாப்தலீன்ங்கிற ரசாயனம்தான், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவ பாதுகாக்குற ஒரு என்சைம் பிறவியிலயே கம்மியா இருக்குறது) இருக்குற கொழந்தைக்கு அது ரத்தத்துல சிவப்பணுவ உடைச்சு கடுமையான மஞ்சக்காமாலைல கொண்டு விடலாம், அந்த குறைபாடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணாம வெளிய தெரியாது. குழந்தை துணிக்கு தனி தட்டு, அதுல உருண்டையே கெடையாது. தவழ்ற கொழந்தை மிட்டாய்னு வாயில போட்டுக்குற ஆபத்தும் இருக்கு. காய்ஞ்ச வேப்பிலைய துணியில கட்டி போட்டு அப்பப்ப மாத்துங்க, உருண்டை அளவுக்கு வேலை செய்யாது, ஆனா சுத்தமா துவைச்சு காய வச்ச துணின்னா அதுவே போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி குளிர் எப்படின்னு தெரியும், ஸ்வெட்டர் இல்லாம முடியாது. அத ஹேங்கர்ல மாட்டாதீங்க, தோள்பட்டை தொங்கிப்போயிடும், மடிச்சுதான் வைக்கணும். வெயில் வந்ததும் துவைச்சு பரண்ல ஏத்துனா பீரோவுல ஒரு தட்டு காலி.

ஒரு தடவ போட்டு இன்னும் துவைக்காத பேண்ட், சுடிதார் இதெல்லாம் எங்க போகுதுன்னு பாருங்க, ஒண்ணு நாற்காலி மேல, இல்ல துவைச்ச துணியோட. ரெண்டுமே தப்பு. கதவுக்கு பின்னாடி நாலு கொக்கி அடிச்சா முடிஞ்சுது.

"இளைச்சா போட்டுக்கலாம்" துணிய பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சண்டை வரும். வச்சு குடுத்த ஜாக்கெட் பிட்டு மட்டும், நமக்கு தைக்கிற எண்ணம் இல்லன்னா தனியா ஒரு பையில போடுங்க, வரலட்சுமி நோன்பு, நவராத்திரின்னா தாம்பூலத்தோட கெளம்பிடும், எப்படியும் ஊர் சுத்தி நம்ம வீட்டுக்கே ஒருநாள் வரத்தான் போகுது.

கழிச்ச துணிய எங்க விடுறதுன்றதுலயும் தப்பு நடக்குது. ஆடி 18-க்கு ஒகேனக்கல் போய் குளிச்சிட்டு பழசை ஆத்துலயே விட்டுட்டு வர்றாங்க சில பேர், பாலியெஸ்டர் என்னிக்கு மக்கப்போகுது, பாறை இடுக்குல போய் சிக்கிக்கும். நல்லா இருக்குறத துவைச்சு குடுங்க, பட்டன் போனதையும் ஜிப் போனதையும் "தானம்"னு அடுத்தவங்க தலையில கட்டாதீங்க. நைஞ்ச காட்டன் கரித்துணிக்கு ஆகும், பழைய துணிக்கு பாத்திரம் குடுக்குறவர் தெருவுல வந்தா மத்தத போட்டுடலாம். ஆனா யாருக்காச்சும் குடுக்கலாம்னு மூட்டை கட்டி பரண்ல ஏத்துறது ஒழிச்ச கணக்குல சேராது, கட்டுன அன்னிக்கே அத வண்டியில வச்சிடுங்க.