கையால் செய்த பீங்கான் பட்டன்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பட்டன் சேகரிக்க வருபவர்கள் பெரும்பாலும் முகப்பின் அழகில் மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பீங்கான் பட்டனில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். கைவேலை அங்கேதான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, ஓர் அளவுகோல், ஒரு மெல்லிய தூரிகை இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: பீங்கான்தானா?

உள்ளங்கையில் வையுங்கள். பிளாஸ்டிக்கைவிடக் கனமாக, தொட்டவுடன் சில்லென்று இருக்கும். கண்ணாடியும் அப்படித்தான் இருக்கும் என்பதால் ஓரத்தில் சில்லு போன இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணாடி என்றால் அந்த இடமும் பளபளக்கும். சுட்ட மண் என்றால் அங்கே மங்கி, மண்ணின் நிறம் தெரியும்.

படி 2: கைவேலையா, இயந்திரமா?

ஏமாறுவது அதிகம் இங்கேதான். 1840-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராசர் என்பவர் களிமண் தூளை அச்சில் அழுத்திப் பட்டன் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பிரான்சின் பிரியார் ஊரில் இருந்த ஆலை இந்த வகையை மலை மலையாகச் செய்து தள்ளியது. பழைய பட்டன் டப்பாக்களில் கிடைக்கும் சின்ன வெள்ளைப் பட்டன்களில் பல இந்த வகைதான். திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் ஆரஞ்சுத் தோல்போலப் பொடிப்பொடியாகக் குழிந்திருக்கும், துளைகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும்.

கையால் செய்ததில் துளைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். துளைக்குள் கிளேஸ் (சுடும்போது உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு) வழிந்து தேங்கியிருக்கும். அடியில் கிளேஸ் படாத இடமோ, சூளையில் முட்டுக்கொடுத்த சின்னப் புள்ளித் தடமோ தெரியலாம்.

அச்சு பயன்படுத்தியிருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். 1938-ல் வியன்னாவிலிருந்து தப்பி லண்டன் வந்த குயவர் லூசி ரீ என்ற பெண்மணி, பிளாஸ்டர் அச்சில் களிமண்ணைக் கையால் அழுத்தித்தான் பட்டன் செய்தார். உயர்தரத் தையலகங்கள் கொடுத்த துணிக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு நிறத்துக்கும் கிளேஸ் கலந்தார். 1946-ல் அவருடைய பட்டறையில் சேர்ந்து, பிறகு பெயர்பெற்ற குயவரான ஹான்ஸ் கோப்பரும் அங்கே பட்டன் வேலையில்தான் தொடங்கினார். பின்னாளில் ஜப்பானின் ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே தன் 1989 ஆடைகளில் லூசி ரீயின் பட்டன்களைத் தைத்தார். அச்சு ஒன்றுதான், நிறம் தேடியது மனிதக் கை. என் கணக்கில் அது முழுக் கைவேலை.

படி 3: ஒரு கிளையைப் பிடியுங்கள்

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். பழையது பிடிக்குமென்றால் ஜப்பானின் சட்சுமா வகை இருக்கிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) மேல்நாட்டவருக்காகச் செய்யத் தொடங்கியவை. பாலேடு நிறத்தில் நுண்ணிய வெடிப்புக் கோடுகள் ஓடும் கிளேஸ், அதன் மேல் பொன் கோடும் புடைத்த வண்ணமும். பின்னால் நூல் கோக்கும் காதும் அதே மண்ணில் இருக்கும். லென்ஸில் பாருங்கள்: தூரிகைக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சிட்ட படம்.

பழையது விலை எட்டவில்லையென்றால் இன்றைய குயவர்களிடம் நேரடியாக வாங்குங்கள். எந்த மண், எப்போது சுட்டது என்று செய்தவரிடமே கேட்டு எழுதிவைக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

படி 4: வாங்கும்போது

இணையத்தில் வாங்கினால் பின்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பட்டனின் குறுக்களவு சில இடங்களில் லைன் (ligne) என்ற அலகில் இருக்கும். 40 லைன் ஒரு அங்குலம்.

படி 5: பாதுகாப்பு

வெடிப்புக் கோடுள்ள பட்டனைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. அழுக்கு கோடுகளுக்குள் இறங்கிவிடும். பொன் பூச்சைத் தேய்க்காதீர்கள், தூரிகையால் தூசி தட்டினால் போதும். அமிலமில்லாத அட்டையில் துளையிட்டு நூலால் தளர்வாகக் கட்டுங்கள். ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விடுங்கள். டப்பாவில் மொத்தமாகக் கொட்டிவைத்தால் ஓரங்கள் சில்லு சில்லாகப் போய்விடும். அட்டையின் பின்புறம் வாங்கிய இடம், தேதி, விலை மூன்றையும் பென்சிலால் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.