தொட்டி மீனை ஏரியில் விடுவதற்கு முன்

வீடு மாறும் நேரத்தில்தான் மீன் தொட்டி பெரிய தலைவலியாகிறது. கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடியிலிருந்து ராவாங் பக்கம் போகும்போது கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிடும். நாலடித் தொட்டியையும் அதிலுள்ள மீன்களையும் என்ன செய்வது? “பக்கத்துலதானே தித்திவங்சா ஏரி, கொண்டுபோய் விட்டுட்டு வா” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கொல்ல மனம் வராத நல்லவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விட்டுவிட்டால் அதற்கு விடுதலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. உருண்டை வயிறும் இரட்டை வாலும் கொண்ட தங்கமீனுக்கு வேகமாக நீந்தவே வராது. அதை ஏரியில் விடுவது விராலுக்கோ, அதன் இனத்துப் பெரிய வேட்டை மீனான தோமானுக்கோ இரை போடுவதுதான். பையிலிருந்த நீருக்கும் ஏரி நீருக்கும் உள்ள வேறுபாட்டிலேயே சில மீன்கள் செத்துப்போகும். அதையும் தாங்கிப் பிழைக்கும் மீன்தான் ஆற்றுக்கு ஆபத்து. பரிகாரத்துக்காக மீன் விடுபவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் காசை அன்னதானத்துக்குக் கொடுத்தால் ஒரு வயிறாவது நிறையும்.

அப்படிப் பிழைத்துப் பெருகியதுதான் மலாயில் ஈக்கான் பண்டாராயா என்று சொல்லும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளத்தில் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும், விலையும் சில வெள்ளிதான். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். பாசியைத் தின்னும், உண்மை. ஆனால் தின்ற அளவுக்குக் கழிவும் போடும். பெரிதானதும் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலின் வழுவழுப்பைச் சுரண்டத் தொடங்கும். ஒன்றரை அடி வரை வளரும் மீனுக்கு நாலடித் தொட்டி எந்த மூலைக்கு? அப்போதுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள்.

கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் இன்று அது பெருகிக் கிடக்கிறது. அழுக்கு நீரில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறும்போது, இது மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகவே சுவாசிக்கும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். விழுங்க முயலும் பறவையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். முட்டையிட மண் கரையைக் குடைந்து கை நீளத்துக்கு வளை தோண்டும், ஆண் மீன் வாசலில் காவல் இருக்கும். பக்கத்திலேயே அடுத்த வளை, அதற்கடுத்து இன்னொன்று. ஃபுளோரிடாவிலும் மெக்சிகோவிலும் இந்த வளைகளால் கரை சரிவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். சாக்கடையோ குப்பையோ அதனால் குறையாது. நம்மூர் மீன்களுக்கான பாசியைத்தான் அது தின்கிறது, கூடவே கல்லில் ஒட்டியிருக்கும் அவற்றின் முட்டைகளையும்.

“ஒண்ணு ரெண்டு மீன் விட்டா என்ன ஆகிடும்?” என்ற பேச்சுக்குப் பதில் பனாமாவின் காத்தூன் ஏரியில் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் பீகாக் பாஸ் என்ற தென் அமெரிக்க வேட்டை மீன் அங்கே தற்செயலாக நுழைந்தது. சில ஆண்டுகளிலேயே அது பரவிய பகுதிகளில் முன்பு மொய்த்த சிறு மீன் இனங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின. கொசுப்புழு தின்னும் மீன்களும் அவற்றில் அடக்கம். ஆராய்ச்சியாளர்கள் 1973-லேயே இதை எழுதிவிட்டார்கள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் இப்போது அதே மீன்தான் தூண்டிலில் மாட்டுகிறது. தூண்டில் போடுபவர்களில் சிலர் வேண்டுமென்றே பிடித்த இடத்திலிருந்து அடுத்த குட்டைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் வாங்கும்போது கேட்காமல் விடுவது. சிவப்பு வால் கெளுத்தி கடையில் உள்ளங்கையில் அடங்கும், வளர்ந்தால் நாலடி. அரப்பைமா ஆள் உயரத்தையும் தாண்டும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து, இருபது முப்பது வருடம் உயிரோடு இருக்கும். கோயில் குளத்தில் விட்டால் தப்பில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம். எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருடம் வாழும் என்ற இரண்டையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வாங்காதீர்கள்.

மீனை விடாதவர்கள்கூட தொட்டி நீரை வீட்டு முன்னால் உள்ள லோங்காங் என்ற கால்வாயில் கொட்டிவிடுகிறார்கள். மழைநீர்க் கால்வாய் நேராக ஆற்றுக்குத்தான் போகிறது. அந்த நீரில் நத்தை முட்டை, குட்டி மீன், செடித் துண்டு எல்லாம் இருக்கும். நீரைத் தொட்டிச் செடிக்கோ புல்லுக்கோ ஊற்றலாம். நீர்ச்செடியைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

வைத்திருக்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். காசு தராவிட்டாலும் பலர் சும்மா எடுத்துக்கொள்வார்கள். மீன் வளர்ப்பவர்களின் முகநூல் குழுவில் படம் போட்டால் ஆள் கிடைக்கும். யாருமே கிடைக்காமல், மீனும் நோயில் விழுந்துவிட்டால், கிராம்பு எண்ணெய்தான் வழி. கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் சில துளிகளை நன்றாகக் குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் வாளியில் மெதுவாக ஊற்ற வேண்டும். அது மயங்கிச் சாய்ந்ததும் இன்னும் அதிகமாகச் சேர்க்க வேண்டும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடமாவது அப்படியே விட்டுவையுங்கள். உயிரோடு கழிப்பறையில் போடுவதும் குளிர்பெட்டியில் வைப்பதும் கொடுமை.

தூண்டில் போடுபவர்களுக்கு ஒன்று. பண்டாராயா மாட்டினால் திரும்ப ஆற்றில் எறியாதீர்கள். கரையில் வீசிவிட்டும் போகாதீர்கள், நீரில்லாமலே பல மணிநேரம் அது உயிரோடு கிடந்து துடிக்கும். தலையில் ஓங்கி ஒரே அடி, பிறகு குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.