இற்றுப்போன பட்டுப்புடவையில் பாவாடை

பீரோவில் இற்றுப்போன பட்டுப்புடவை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டு பெரும்பாலும் மடிப்புக் கோட்டிலும் கால் மிதிபடும் ஓரத்திலும்தான் விடும். முந்தானையும் பார்டரும் பல சமயம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

முதலில் புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகித் தெரியும் இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். மற்ற இடங்களை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். விடுகிற துணி தையலைத் தாங்காது. ஐந்தரை மீட்டரில் இரண்டு மீட்டர் தேறினாலே ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாவாடை தாராளமாக வரும். சட்டைக்கு முந்தானை.

லைனிங்தான் முக்கியம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பட்டுக்கு அதுதான் பலம். காட்டன் லைனிங் துணியை இரவு முழுக்க நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபிறகே வெட்டக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, பட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

குழந்தை வளரும்போது பிரித்து நீளமாக்கலாம் என்று நடுவில் டக் பிடிப்பது, அதாவது மடித்துத் தைப்பது, வழக்கம். பழைய பட்டில் அது சரிவராது. பிரித்தால் ஊசித்துளை மறையாது. அதற்குப் பதிலாக இடுப்புப் பக்கம் இரண்டு அங்குலம் கூடுதலாக உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள்.

அசல் வெள்ளிச் சரிகை என்றால் விலைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். மீதியைக் கொடுத்தாலும் தேறுகிற பார்டரை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காட்டன் ரவிக்கையின் கையில் வைத்துத் தைத்தால் அவ்வளவு எடுப்பாக இருக்கும்.