லேப் தாளை வைத்துக் கல்லீரல் தழும்பைக் கணிப்பது எப்படி?

ஸ்கேனில் 'கிரேடு 1 கொழுப்பு' என்று வந்ததும் நிம்மதியாகி விடாதீர்கள். கிரேடு சொல்வது கொழுப்பின் அளவை மட்டுமே. பின்னாளில் சிர்ரோசிஸில், அதாவது கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் நிலையில், கொண்டுபோய் விடுவது தழும்பு. அதைக் கணிக்க உதவுவது ஃபிப்-4 கணக்கு. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, எந்த லேபிலும் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே இதற்குப் போதும்.

வேண்டியவை: வயது, எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி (இரண்டும் கல்லீரல் நொதிகள்; சில தாள்களில் ஏ.எஸ்.டி, ஏ.எல்.டி என்றிருக்கும்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணு). வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். லேப் தாளில் பிளேட்லெட் 1.60 லட்சம் என்றிருந்தால் கணக்கில் 160 என்று போட வேண்டும். இந்த இடத்தில் பிசகினால் விடையே நூறு மடங்கு மாறிவிடும்.

ஒருவருக்கு வயது 52, எஸ்.ஜி.ஓ.டி 58, எஸ்.ஜி.பி.டி 49, பிளேட்லெட் 1.60 லட்சம் என்று வைப்போம். 52 × 58 = 3016. 49இன் வர்க்கமூலம் 7; 160 × 7 = 1120. வகுத்தால் 2.69.

1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2.0. 2.67க்கு மேல் போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 35 வயதுக்குக் கீழ் இந்தக் கணக்கை நம்ப முடியாது. மஞ்சள்காமாலை இருக்கும்போது போடவே கூடாது.

2.69 வந்தவர் பதறும் முன் பிளேட்லெட்டைச் சரிபார்க்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். கருவி குறைத்து எண்ணும். ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். திரள் தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும். 2.00 லட்சம் வந்தால் 2.20 ஆகும்; அதே ஆளின் ஃபிப்-4 1.96க்கு இறங்கிவிடும்.

எஸ்.ஜி.ஓ.டி தசையிலும் இருப்பதால் கடும் உழைப்புக்குப் பிறகு சில நாட்கள் ஏறிக் காட்டலாம். கூலியை விட்டுவிட்டு ஓய்வெடுப்பது எல்லோருக்கும் முடியாது. குளச்சல் விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலம் பரிசோதனைக்குத் தோது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மழையில் வேலை நின்ற நாட்களில் எடுக்கலாம்.

1.3க்கும் 2.67க்கும் இடையில் நின்றால் அடுத்தது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள், சாயாகூட வேண்டாம்; வயிறு நிறைந்திருந்தால் கல்லீரல் இறுகியதுபோல் காட்டும். இறுக்கத்தின் அளவு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே, அதாவது பயப்படத் தேவையில்லாத அளவில், வந்தாலும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கொருமுறை ஃபிப்-4 கணக்கிட்டுப் பழைய தாளோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.